இன்னைக்கு வைவா எனக்குத்தான்

பையை இப்பிடிக் குடுங்க மேடம். பரவாயில்லை, குடுங்க. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் தன் பையைத் தானே தூக்கிட்டு நடந்து வர்றதை யாராவது பாத்தா டிபார்ட்மெண்ட்டுக்கே கேவலம். வேணாமா? சரி, நீங்களே வச்சிக்கங்க. நான் பக்கத்துலயே, தூக்கிட்டு வர்ற மாதிரி வர்றேன்.

என் பேரு சோலைமணி. ஆமா மேடம், அதே சோலைமணிதான். பிஎச்.டி. தீசிஸ் அட்டையில இருக்கிற பேருதான். இன்னைக்கு வைவா எனக்குத்தான்.

நீங்க முழிக்கிறது புரியுது. பரீட்சை எழுதுறவனே பரீட்சை வைக்கிறவங்களை ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிட்டுப் போறது முறையில்லைதான். நானும் கைடுகிட்டச் சொன்னேன். 'அய்யா, நாளைக்கு மேடத்தைக் கூப்பிட யார் போறது'ன்னு கேட்டேன். அவரு ரூமைச் சுத்தி ஒரு பார்வை பாத்தாரு. என்னைத் தவிர அங்க ஒரு பீரோதான் இருந்துச்சு. 'ஏன், நீதான் இருக்கியே'ன்னாரு. 'அய்யா, வைவாவே எனக்குத்தான்'னேன். 'அப்ப இன்னும் நல்லதாப் போச்சு, லேட் பண்ண மாட்ட'ன்னாரு.

வண்டி அந்தா நிக்குது. சிக்கந்தர் பாய் வண்டி. எங்க டிபார்ட்மெண்ட்டுக்கு வர்ற எக்ஸ்டர்னல் எல்லாம் பாய் வண்டியிலதான் வருவாங்க. பாய், ஏசி போடுங்க. மேடம் நீங்க பின்னாடி உக்காருங்க. நான் முன்னாடி உக்காந்து திரும்பித் திரும்பிப் பேசிக்கிட்டு வருவேன். கழுத்து வலிக்குமேன்னு பாக்காதீங்க, பழக்கந்தான்.

யூனிவர்சிட்டி ஊருக்கு வெளிய இருக்கு. முக்கால் மணி நேரம் ஆகும். அதுக்குள்ள ரெண்டு விசயம் சொல்லிடறேன். நீங்க இங்க முதல் தடவை வர்றீங்க. முறை தெரியாம எதாவது ஆயிடக்கூடாது. போன வருசம் அப்பிடித்தான் ஒருத்தருக்கு ஆயி, அதுல என் ஒரு வருசம் போச்சு.

மொதல்ல என்னைப் பத்தி. நான் நேரா படிச்சு வந்த ஆள் இல்லை மேடம். பகல்ல ஜவுளிக்கடை, சாயங்காலம் காலேஜ். வேட்டி செக்சன்ல நின்னுக்கிட்டே பி.ஏ. முடிச்சவன். எங்க கிளாஸ்ல பாதிப் பேரு தூங்குவான். வாத்தியாரும் பகல்ல இன்னொரு காலேஜ்ல நடத்திட்டு வந்திருப்பாரு, அவரும் அரைத் தூக்கத்துலதான் நடத்துவாரு. யாரும் யாரையும் எழுப்பினது கிடையாது. அவ்வளவு மரியாதை. அங்கருந்து எம்.ஏ. படிக்க யூனிவர்சிட்டிக்கு வந்தேன். வந்த அன்னைக்கு அந்த கேட்டைப் பாத்து அப்பிடியே நின்னுட்டேன். கேட்லருந்து டிபார்ட்மெண்ட்டுக்கு நடந்தா சட்டை நனைஞ்சிரும், அவ்வளவு தூரம். உள்ள ஒரு பஸ் ஓடும்னு சொன்னாங்க. அது ஓடி நான் பாத்ததில்லை. நிக்கிறதைப் பாத்திருக்கேன். நல்லா நிக்கும்.

நான் படிச்ச அதே சாயங்கால காலேஜ்லதான் இப்ப ஒரு லெக்சரர் போஸ்ட் இருக்கு. பிரின்சிபால் எனக்கு அந்தக் காலத்து வாத்தியார். 'சோலை, பேருக்கு முன்னாடி டாக்டர் போட்டுக்கிட்டு காலேஜ் திறக்கிறதுக்குள்ள வந்துரு. அதுக்கு மேல என்னால நாற்காலியைப் பிடிச்சு வைக்க முடியாது'ன்னு சொல்லியிருக்காரு. காலேஜ் அடுத்த வாரம் திறக்குது. அதனால இன்னைக்கு நீங்க போடற கையெழுத்துத்தான் மேடம். வேற ஒண்ணுமில்லை. பாரம் ஏத்துறதா நினைக்காதீங்க, தகவலுக்குச் சொன்னேன்.

கல்யாணம் ஆயிடுச்சு மேடம். அவ ரெஜிஸ்தர் ஆபீஸ்ல வேலை பாக்கறா. பையன் மூணாவது. போன வாரம் அவங்க மிஸ்ஸு 'உங்கப்பா என்ன பண்றாரு'ன்னு கேட்டிருக்கு. 'படிக்கிறாரு'ன்னு சொல்லியிருக்கான். 'எத்தனாவது'ன்னு கேட்டிருக்கு. வீட்டுக்கு வந்து என்கிட்ட விசாரிக்கிறான். இன்னும் ரிசல்ட் வரலைன்னு சொல்லி வச்சிருக்கேன்.

ஆராய்ச்சின்னா வெளிய இருக்கிறவங்க என்னமோ புத்தகம், லைப்ரரின்னு நினைச்சுக்கிறாங்க. அதுவும் இருக்கு, இல்லைங்கல. லைப்ரரி ரெண்டாவது மாடியில ஃபேன் நல்லாச் சுத்தும். ஆனா ஆராய்ச்சின்னா மெயினா பொறுமை மேடம். நான் பிஎச்.டி. சேந்தப்ப எங்க கைடு பொண்ணு யூகேஜி. ஸ்கூல் விட்டதும் நான்தான் போயி கூட்டிட்டு வருவேன். 'ஸ்காலர் அங்கிள்'னு கூப்பிடும். என் பேரே அதுக்கு ரொம்ப நாள் தெரியாது. இப்ப அந்தப் பொண்ணு பிளஸ் டூ எழுதிருச்சு. அதோட சைன்ஸ் ரெக்கார்டு நோட்டுல தவளை வரைஞ்சது பூரா நான். பாத்தீங்கன்னா உசுரோட இருக்கிற மாதிரியே இருக்கும். வெட்டி வச்ச தவளை உசுரோட இருக்கக் கூடாதுன்னு மிஸ்ஸு மார்க்கைக் குறைச்சிருச்சு, அது வேற.

கைடு வீட்டு கேஸ் சிலிண்டர், கரண்டு பில்லு, அவங்க மாமியாருக்குக் கண்ணுல புரை எடுத்தது, எல்லாம் நான்தான். ஆஸ்பத்திரியில ராத்திரி யார் தங்குறதுன்னு பேச்சு வந்துச்சு. மகன், மருமகன் எல்லாரும் சுவத்தைப் பாத்தாங்க. நான் போர்வை எடுத்துட்டுப் போயிட்டேன். இதையெல்லாம் குறையாச் சொல்லல. எங்க கைடு அறவாழி அய்யா பெரிய மனுசன். கூலியில்லா உழைப்புல அவருதான் அத்தாரிட்டி. வீட்டுல பொம்பளைங்க செய்யிற வேலை, பண்ணையில குடும்பமே செய்யிற வேலை, அதுக்கெல்லாம் கணக்கே இல்லாமப் போகுதேன்னு ஒரு புத்தகம் எழுதியிருக்காரு. எம்.ஏ.க்குப் பாடம். படிச்சா அழுதுருவீங்க. அதுக்குப் புரூஃப் பாத்தது, படம் போட்டது, அச்சாபீஸுக்கு அலைஞ்சது, புத்தகக் கட்டைத் தலையில தூக்கிட்டு வந்தது எல்லாமே நான்தான். முன்னுரையில நன்றி போடறேன்னாரு. பக்கம் பத்தாமப் போச்சு.

ஸ்காலருங்க ரூம்னு ஒண்ணு குடுத்திருக்காங்க. எல்லாருமா உக்காரணும்னா நாற்காலி பத்தாது. அதனால எல்லாரும் ஒரே நாள் வர்றதில்லைன்னு ஒரு ஏற்பாடு. இன்னொரு ஏற்பாடும் உண்டு. எங்க கைடுக்கும் மாடியில இருக்கிற கைடுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அதனால எங்க ஆளுக அந்த ஆளுககூடப் பேசக் கூடாது. நாங்க டீ குடிக்கிறது கிழக்கு கேண்டீன், அவங்க மேற்கு. ஒருநாள் எங்காளு ஒருத்தன் மேற்கு கேண்டீன்ல வடை நல்லாருக்குன்னு போயிட்டான். அவன் சினாப்சிஸ்ல, அதான் ஆய்வுச் சுருக்கத்துல, கையெழுத்து வாங்க அஞ்சு மாசம் ஆச்சு. அப்பறம் ஒரு செலக்‌ஷன் கமிட்டிக்காக ரெண்டு பெரியவங்களும் சேந்துட்டாங்க. உடனே நாங்களும் சேந்துக்கணும். நேத்துவரைக்கும் முறைச்சவன் தோள்ல கையைப் போட்டுட்டு நடக்கிறோம். கமிட்டி முடிஞ்சது, மறுபடி வடை கிடையாது.

சிரிக்காதீங்க மேடம். உங்க யூனிவர்சிட்டியில கேண்டீன் ஒண்ணுதானோ என்னமோ.

இப்ப முக்கியமான விசயத்துக்கு வர்றேன். வைவா. எங்ககிட்ட வைவான்னா அது ஒரு விசேஷம். கிட்டத்தட்ட கல்யாணம். பேனர் உண்டு, மைக் செட் உண்டு, சால்வை உண்டு. சாப்பாடு மெயின். நான் வந்த புதுசுல ஒரு பொட்டலம் சாம்பார் சாதம் குடுத்து அனுப்பினாங்க. கூட்டமே இல்லை. மைக்குல ஸ்காலர் பேசுறான், எதிர்ல காலி பெஞ்சு. எனக்கு மனசு கேக்கல. அடுத்த வைவாவுலருந்து நான் கையில எடுத்துக்கிட்டேன். எம்.ஏ. பிள்ளைகளை வகுப்பு வகுப்பாக் கூட்டிட்டு வந்து உக்கார வைக்கிறது, பிரியாணிக்கு ஆர்டர் குடுக்கிறது, சைவத்துக்குத் தனியா பந்தி, எக்ஸ்டர்னலுக்குக் கோயில் தரிசனம், ரிட்டர்ன் டிக்கெட். ஹால் நிரம்பி வெளிய நிக்கிறான் இப்ப. மெயின் கேட் வாட்ச்மேன் வரைக்கும் என்கிட்ட 'அடுத்த வைவா எப்ப சார்'னு கேக்கறாரு. டிபார்ட்மெண்ட்டுல அறிவு தாகத்தை வளத்தது யாருன்னு கேட்டா, சொல்லக்கூடாது, நான்தான்.

அப்பறம் கேள்வி. சபையிலருந்து கேள்வி வரணும்னு ரூலு. வரலைன்னா என்ன பண்றது? ஒரு தடவை யாருமே கேக்கல. எக்ஸ்டர்னல் 'எனி கொஸ்டீன்ஸ், எனி கொஸ்டீன்ஸ்'னு மீன் விக்கிற மாதிரி கூவிட்டிருக்காரு. ஒரு பையன் எந்திரிச்சான். அப்பாடான்னு இருந்துச்சு. பாத்ரூம் எங்கன்னு கேட்டான். அதுலருந்து நானே ஸ்காலரைக் கேட்டு, கேள்வியைத் துண்டுச்சீட்டுல எழுதி, முன்கூட்டியே குடுத்துருவேன். ரிட்டயர்டு புரொபசர் ஒருத்தர் வருவாரு, அவருக்கு எப்பவும் மொதக் கேள்வி: இந்தத் தலைப்பை ஏன் தேர்ந்தெடுத்தீங்க. அதை அவரு கேட்டுட்டுத் தூங்கிருவாரு. பக்கத்து டிபார்ட்மெண்ட் ஆளுக்கு: இந்த ஆய்வால சமூகத்துக்கு என்ன பயன். மிச்சத்தை எம்.ஏ. பிள்ளைகளுக்குப் பிரிச்சுக் குடுத்துருவேன். பதில் ஸ்காலர்கிட்ட முன்னாடியே இருக்கும். ஒரு பிசிறு தட்டாது. கேள்வி வரும், பதில் வரும், கைதட்டு வரும், பிரியாணி வரும். எத்தனை பேரை டாக்டர் ஆக்கியிருக்கேன் தெரியுமா மேடம். பாய்க்குத் தெரியும். கேட்டுப் பாருங்க.

ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. எனக்கு ஜூனியர். அதே அறவாழி அய்யாகிட்டத்தான். கடலோரத்துப் பொண்ணு. மீன் விக்கிற பொம்பளைங்களைப் பத்தி ஆய்வு. சேந்த அன்னைக்கே கைடு வீட்டுல மாவு மில்லுக்குப் போயிட்டு வரச் சொன்னாங்க. 'எனக்கு மில்லு தெரியாது அய்யா'ன்னுடுச்சு. வழி சொல்றேன்னாங்க. 'வழி தெரிஞ்சாலும் தெரியாது'ன்னுடுச்சு. நான் பக்கத்துல நின்னுக்கிட்டிருக்கேன். கூசிப் போச்சு எனக்கு. பையை வாங்கிட்டு நான் போயிட்டு வந்தேன்.

போன வருசம் அதுக்கு வைவா. 'ஜெசி, பிரியாணி எங்க சொல்ல'ன்னு கேட்டேன். 'டீயும் பிஸ்கட்டும் போதும் அண்ணே. என் படிப்பைக் கேக்க வர்றவங்களுக்கு நான் எதுக்குச் சோறு போடணும்'னு கேக்குது. எனக்கு ஒண்ணும் புரியல. சோறு போடலைன்னா எதுக்கு வருவாங்க? 'சால்வை?' 'வேணாம்.' 'சரி, கேள்வியாவது சொல்லு, நான் எழுதித் தர்றேன்'னேன். அது என்னை ஒரு மாதிரி பாத்துச்சு. 'அண்ணே, உங்க வைவாவுக்கு யாரு கேள்வி எழுதித் தருவா?'ன்னுச்சு. 'நானே எழுதிக்குவேன்'னேன். அதுக்குத் தலையை ஆட்டிட்டுப் போயிருச்சு. பாராட்டுதுன்னு நினைச்சேன்.

விட்டுட முடியுமா மேடம்? டிபார்ட்மெண்ட் பேரு இருக்கில்ல. அதுக்குத் தெரியாம நானே பிள்ளைகளுக்குச் சீட்டுக் குடுத்துட்டேன். அங்கதான் ஒரு சின்னது நடந்துபோச்சு. அதுக்கு முந்தின வாரம் பாலகுருன்னு ஒருத்தனுக்கு வைவா. அவன் செங்கல் சூளைக்காரங்களைப் பத்திப் பண்ணவன். அவனுக்கு எழுதின சீட்டு ஒண்ணு சட்டைப் பையில மிஞ்சி இருந்திருக்கு. அது இதோட கலந்துருச்சு. சீட்டு சீட்டு மாதிரிதானே இருக்கும். குடுத்தவனும் படிக்கல, வாங்கினவனும் படிக்கல. இதுல தப்புன்னு ஒருத்தரைச் சொல்ல முடியாது.

ஜெசிந்தா பேசி முடிச்சிருச்சு. நல்லாத்தான் பேசுச்சு. ரிட்டயர்டு அய்யா கேட்டுட்டுத் தூங்கிட்டாரு. அடுத்து ஒரு பையன் எந்திரிச்சான். ஆதித்தன்னு பேரு, நல்லாச் சத்தமாப் படிப்பான், அதுக்காகவே தேர்ந்தெடுத்தேன். 'செங்கல் சூளையில வேலை செய்யிற குழந்தைகளோட கல்வி பத்தி உங்க ஆய்வு என்ன சொல்லுது?'ன்னு படிக்கிறான். எக்ஸ்டர்னல் தலையை ஆட்டி, 'நல்ல கேள்வி'ன்னாரு. கைடு, 'சொல்லும்மா'ன்னாரு.

ஜெசிந்தா மைக்கைக் கிட்ட இழுத்துச்சு. 'அய்யா, என் ஆய்வு மீன் விக்கிறவங்களைப் பத்தி.'

சரி, அத்தோட போயிருக்கலாம். எக்ஸ்டர்னல் விடல. அவரும் சமாளிக்கணும்ல. 'ஒப்பீட்டு நோக்கில சொல்லலாமே'ன்னாரு. அந்த இடத்துல பாலகுருவா இருந்தா 'நல்ல கருத்து அய்யா, வருங்கால ஆய்வாளர்கள் செய்யலாம்'னு சொல்லிட்டு உக்காந்திருப்பான். ஏன், நானே சொல்லியிருப்பேன். இந்தப் பொண்ணு, 'எந்த இயலோட ஒப்பிடணும்னு தீசிஸைப் பாத்துச் சொன்னீங்கன்னா சொல்றேன்'னுச்சு. அவரு முன்னாடி இருந்த தீசிஸைத் திறந்தாரு. பைண்டிங் பண்ணின புது புஸ்தகம் முதல் தடவை திறக்கிறப்ப ஒரு சத்தம் வருமே மேடம், கரக்னு. மைக்குப் பக்கத்துல வச்சுத் திறந்துட்டாரு. ஹால் பூரா கேட்டுச்சு. வெளிய டீ ஊத்திட்டிருந்தவன் எட்டிப் பாத்தான்.

எம்.ஏ. பிள்ளைக சிரிச்சிருச்சுக. ஒண்ணு சிரிச்சா எல்லாம் சிரிக்கும்ல. ரிட்டயர்டு அய்யா முழிச்சுக்கிட்டு, முடிஞ்சிருச்சுன்னு நினைச்சுக் கை தட்டிட்டாரு.

அதுக்கு டாக்டர் பட்டம் குடுத்துத்தான் அனுப்பினாங்க. குடுக்காம இருக்க முடியுமா? இப்ப வடக்க எங்கயோ பெரிய இடத்துல இருக்கு. பாவம், சால்வை கூட இல்லாமப் போச்சு. பேச வந்தது அதைப் பத்தி இல்லை. அன்னைக்குச் சாயங்காலமே கைடு என்னைக் கூப்பிட்டு விட்டாரு. 'யோவ், சபையில என் மானத்தை வாங்கிட்டியேய்யா'ன்னாரு. 'அய்யா, அந்தப் பொண்ணு கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருந்தா'ன்னேன். 'உன் தீசிஸை மேசையில வச்சிட்டுப் போ, படிச்சிட்டுச் சொல்றேன்'னாரு. கைடு படிக்கிறேன்னு சொன்னா அது தண்டனை. அவரு படிக்காம கையெழுத்துப் போட்டாத்தான் பாசம்.

ஒரு வருசம். எப்பக் கேட்டாலும் 'படிச்சிட்டிருக்கேன்'. ஒருநாள் அவங்க வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் மாத்தப் போனேன். அடுப்படியில கிரைண்டர் ஆடாம இருக்க அடியில என்னமோ முட்டுக் குடுத்திருந்தாங்க. குனிஞ்சு பாத்தா என் பேரு. 'அம்மா, இது...'ன்னேன். 'இதா தம்பி? நல்ல கனமா இருக்கு. முன்னாடி ஒருத்தரு குடுத்தது மெலிசு, நிக்கல'ன்னாங்க. சிலிண்டரை மாத்திட்டு, வீட்டுல புழக்கத்துலதானே இருக்குன்னு வந்துட்டேன். அப்பறம் பொண்ணுக்குத் தவளை வரைஞ்சு குடுத்தேன்ல, அதுக்கு மறுநாள் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட்டாரு. 'ரொம்ப நல்லா வந்திருக்குய்யா'ன்னாரு. தவளையைச் சொன்னாரா தீசிஸைச் சொன்னாரான்னு நான் கேக்கல.

ஆக, இன்னைக்கு எல்லாம் நானே சரி பாத்துட்டேன். ஒவ்வொரு சீட்டையும் ரெண்டு தடவை படிச்சுப் பாத்துத்தான் குடுத்திருக்கேன். உங்களுக்கும் ரெண்டு கேள்வி எழுதி வச்சிருக்கேன். சங்கடப்படாதீங்க. எல்லா எக்ஸ்டர்னலும் வாங்கிக்குவாங்க. சில பேரு கார்ல ஏறினதும் அவங்களே கேப்பாங்க, 'என்னப்பா கேக்கணும்'னு. மொதக் கேள்வி, ஆய்வு முறை பத்தி. ரெண்டாவது, எதிர்கால ஆய்வுக்கு என்ன வாய்ப்பு. இந்தாங்க.

என்ன மேடம் பையில தேடுறீங்க? கண்ணாடியா? தண்ணி வேணுமா?

அது... நம்ம தீசிஸா? கொண்டே வந்திருக்கீங்களா? எதுக்கு மேடம் சுமந்துக்கிட்டு, மேசையில வைக்க நான் ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேனே. அது என்ன ஓரம் பூரா மஞ்சக் காகிதம் நீட்டிக்கிட்டு இருக்கு? பென்சில்ல வேற எழுதியிருக்கு.

படிச்சீங்களா?

இல்லை, தப்பா நினைக்காதீங்க. கேட்டேன். பூராவுமா? பாய், கொஞ்சம் மெதுவாப் போங்க.

ஒண்ணாவது இயல், ரெண்டாவது இயல், சரி. அது ரெண்டும் எங்க ஷெல்ஃபுல இருக்கிற பழைய தீசிஸ்ல எல்லாம் இருக்கும், எங்க டிபார்ட்மெண்ட் குடும்பச் சொத்து மாதிரி. மூணாவதும் அப்பிடித்தான், ஊர் பேரு மட்டும் மாத்தினது. ஒரு இடத்துல மாத்த விட்டுட்டேனா? எந்தப் பக்கம்? சரி மேடம், திருத்திடறேன். அஞ்சாவது முடிவுரை. முடிவுரை எல்லாருக்கும் ஒரே முடிவுதான்.

நாலாவதா?

நாலாவது இயல் நான் எழுதினது மேடம்.

எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க? ...ஆமா. மத்ததுல 'ஆய்வாளர் கருதுகிறார்'னு வரும். அதுல 'நான் போயிப் பார்த்தேன்'னு வரும். அதைச் சினாப்சிஸ் குடுத்தப்பவே கைடு ரூம்ல மாத்தச் சொன்னாங்க. தூக்கிடச் சொன்னாங்க, உண்மையைச் சொல்லப் போனா. சாயங்கால காலேஜ்ல சேந்து பாதியில நின்னு போனவங்களைப் பத்தி எழுதினா, ஆய்வுக்கு என்ன மதிப்புன்னு. தூக்கிட்டா பக்கம் குறையுமேன்னு விட்டு வச்சேன். பக்கத்துக்காகத்தான். வேற காரணம்லாம் இல்லை.

அந்த வரியா? அதை ஏன் மேடம் சத்தமாப் படிக்கிறீங்க.

'இவர்கள் படிப்பில் தோற்றவர்கள் அல்லர். எழுந்து போகத் தெரிந்தவர்கள்.' ஆமா, நான் எழுதினதுதான். அதுக்கு விளக்கம் கேக்கறீங்களா. இப்பவா?

எங்க செட்டுல தங்கமாரின்னு ஒருத்தன் மேடம். பகல்ல கொத்தனார். வகுப்புல தூங்காம இருந்த ஒரே ஆளு. ரெண்டாம் வருசம் பாதியில நிறுத்திட்டான். இந்த ஆய்வுக்காகத் தேடிப் போயி, சாரத்துக்கு மேல உக்காந்து அவன்கிட்டக் கேட்டேன். ஏன்டா நின்ன, வசதி இல்லையா, மண்டையில ஏறலையான்னு. 'ஏறுச்சு மாப்ள, அதான் நின்னேன். பட்டம் வாங்கணும்னா நம்ம காலேஜ் டைரக்டர் வீட்டு மாடிக்கு இலவசமாப் பூசிக் குடுக்கணும்னாங்க. ஒரு நாள் போனேன். ரெண்டாம் நாள் கரண்டியைக் கழுவிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்'னான். இதே மாதிரி ஒவ்வொருத்தன்கிட்டயும் ஒண்ணு. நான் போற இடமெல்லாம் இதைத்தான் கேட்டேன். கேட்டு எழுதிட்டு, நேரமாச்சுன்னு எந்திரிப்பேன். கைடு பொண்ணுக்கு ஸ்கூல் விடற நேரம்.

எழுதுறப்ப ஒண்ணும் தோணல மேடம். நல்ல வரியா வந்திருக்குன்னு ஒரு சந்தோசம், அவ்வளவுதான்.

என்ன கேட்டீங்க? திருப்பிக் கேளுங்க.

எழுந்து போகத் தெரிஞ்சவங்களைப் பத்தி எழுதியிருக்கீங்க, எழுந்து போகாம உக்காந்திருக்கிறவங்களைப் பத்தி ஏன் ஒரு வரி கூட இல்லைன்னா... 

பாய், வண்டியை அந்தப் புளியமரத்தோரம் நிறுத்துங்க. கேட்டுக்குள்ள போயிட வேணாம். ஒரு நிமிசம்.

மேடம், நான் ஒண்ணு கேக்கறேன். இந்தக் கேள்வியை இங்கயே வச்சுக்கலாம். ஏசி ஓடுது, பாய் நம்ம ஆளு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் கேளுங்க. அங்க ஹால்ல நான் எழுதிக் குடுத்த அந்த ரெண்டை மட்டும் கேட்டுட்டுக் கையெழுத்துப் போட்டுருங்க. பதில் தெரியாதுன்னு சொல்லல. தெரியாதுன்னா கவலையே இல்லை, தெரியாத கேள்விக்குப் பதில் சொல்லி நூறு பேரைப் பழக்கியிருக்கேன். இது தெரியும் மேடம். அங்க மைக்கைக் குடுத்து நீங்க இதைக் கேட்டீங்கன்னா நான் பதில் சொல்லிருவேன். அதான் பயமா இருக்கு. மொத வரிசையில அறவாழி அய்யா உக்காந்திருப்பாரு. அய்யா வீட்டு அம்மாவும் வர்றாங்க, பொண்ணையும் கூட்டிட்டு. எங்க வீட்டுலயும் லீவு போட்டுட்டு வந்திருக்கா. பையனுக்குப் புதுச் சட்டை. பிரின்சிபாலுக்குப் பத்திரிகை வச்சிருக்கேன்.

அதைக் கேட்டாலும் கையெழுத்துப் போடுவேங்கறீங்க. சரி. உங்க கையெழுத்து மட்டும்னா நான் ஏன் மேடம் பயப்படறேன். பக்கத்துலயே கைடு கையெழுத்தும் வேணுமே. அவரு பேனாவை மூடிட்டாருன்னா, அடுத்து அந்த வீட்டுல எந்தப் பிள்ளை யூகேஜி சேரும்னு நான் காத்துக்கிட்டு இருக்கணும்.

கேட்டுத்தான் ஆவீங்களா?

...

அஞ்சு நிமிசமாச்சா பாய்? எடுங்க வண்டியை.

அப்ப ஒண்ணு பண்ணுங்க மேடம். அதை மொதக் கேள்வியாவே கேட்டுருங்க. ரிட்டயர்டு அய்யாகிட்ட நான் சொல்லிக்கிறேன். கடைசியில கேட்டீங்கன்னா எல்லாம் பந்திக்கு எந்திரிச்சுப் போயிரும். நான் அங்க நின்னு யாருக்குச் சொல்றது.